ரெண்டு டோக்கன்

— பலகையில ஒத்த டோக்கன்கூடத் தொங்கலம்மா. அதைப் பாத்துட்டுத்தான் மேல மரக்கிடங்குக்குச் சொன்னேன், ரோடு காலின்னு.

— காலி இல்லண்ணே! என் தம்பி இன்னும் உள்ளதான் இருக்கான்.

— எந்தத் தம்பி?

— என்னண்ணே, வாரா வாரம் பாக்குறீங்க. என்கூட நீல சைக்கிள்ல வருவானே, ஒல்லியா, தாடி வெச்சுக்கிட்டு.

— அந்தப் பையன் வெளிய வந்தாச்சே. ஏழும் எட்டும் உங்க டோக்கன். ரெண்டும் பெட்டியில விழுந்த சத்தம் என் காதுல கேட்டுச்சு. நோட்டுல டிக் போட்டிருக்கேன், வேணும்னா பாரு.

— ரெண்டையும் போட்டது நான்தான்.

— என்னது?

— நான்தாண்ணே. உள்ள போறப்ப மாட்டினதை, வந்த உடனே ஆணியில இருந்து கழட்டிப் பெட்டியில போட்டேன். எப்பவும் நான்தானே போடுவேன். அவன் பின்னாடி வருவான்.

— எவ்வளவு பின்னாடி?

— தெரியல.

— இங்க பாரும்மா, இந்தத் தெரியலங்கற பேச்செல்லாம் இப்ப வேணாம். நீ வந்து இருபது நிமிஷம் ஆச்சு. குழாயில முகம் கழுவின, பெஞ்சுல உக்காந்த, ஷூவைக் கழட்டிக் கல்லை உதறின. கூட வந்தவனைக் காணோமேன்னு அப்பெல்லாம் தோணலயா?

— கோவத்துல இருந்தேண்ணே. திரும்பிக்கூடப் பாக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன். லாரியை விட்டுட்டீங்களா?

— மரக்கிடங்குல மூணு லாரி லோடு ஏத்தி மதியத்துல இருந்து நின்னுச்சு. இந்தப் பலகை காலியாகற வரைக்கும் மேல ஒரு சக்கரம் உருளாது. காலியாச்சுன்னு சொன்னேன். எட்டு நிமிஷம் ஆச்சு.

— திரும்பக் கூப்பிடுங்க. நிறுத்தச் சொல்லுங்க.

— கூப்பிட்டுட்டுத்தானே இருக்கேன், என் கையில இருக்கறது என்ன, சோப்பு டப்பாவா? ஹலோ, கிடங்கு! கேட்டுல இருந்து பேசறேன். லாரியை நிறுத்துங்க! ஹலோ! ... ம்ஹூம். கிளம்பிட்டாங்க. காட்டுக்குள்ள இறங்கிட்டா இந்த வயர்லெஸ் செத்த மாதிரிதான். பாறை வளைவைத் தாண்டி ஏரிக்கரைக்கு வந்தாத்தான் திரும்ப உயிர் வரும்.

— பாறை வளைவைத் தாண்டியா?

— ஆமா. ஏம்மா கேக்குற?

— அங்கதாண்ணே அவன் இருக்கான்.

— பாறை வளைவுலயா?

— அங்கதான் விட்டுட்டு வந்தேன். டயர் பஞ்சர்.

— அட கடவுளே. விடறதுக்கு உனக்கு வேற இடமா கிடைக்கல? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஏரி. லாரி வந்தா ஒரு நாய்க்குட்டி ஒதுங்கி நிக்கக்கூட இடம் இல்லையே.

— பிரேக் போடுவாங்கல்ல?

— சரளைக்கல்லுல, இறக்கத்துல, பதினஞ்சு டன் மரத்தோடயா? வளைவு திரும்பினப்புறம் பிரேக் போட்டா சக்கரம் நிக்கும்மா, லாரி நிக்காது.

— வண்டியே வராத ரோடுன்னுதானேண்ணே இங்க வர்றோம். காட்டுக்குள்ள சரளைல டயர் நெறநெறன்னு போற சத்தத்தைத் தவிர வேற சத்தமே இருக்காதுன்னு, அதுக்குத்தானே வர்றோம்.

— வராதுன்னு யார் சொன்னா? வரும். நான் விடறதில்ல, அவ்வளவுதான். நடுவுல இருக்கறது இந்தப் பலகையும் நாலு வரிசை ஆணியும்தான். சரி, நேரத்தை ஓட்டாத. பஞ்சர் ஒட்டிக் கிளம்பறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் அவனுக்கு?

— வேற டியூப் அவன் பையில இருக்கு. மாத்தினா பத்து நிமிஷம்.

— அப்ப இந்நேரம் வந்திருக்கணுமே. நீ அங்க இருந்து இறங்க அரை மணி, இங்க இருபது நிமிஷம். வழியில எங்கயோ வந்துட்டுத்தான் இருப்பான்.

— வரமாட்டாண்ணே.

— ஏன்?

— காத்தடிக்க முடியாது. பம்பு என் பையில இருக்கு.

— மறந்து எடுத்துட்டு வந்துட்டியா?

— இல்ல. கேட்டான். நான் குடுக்கல.

— குடுக்கலயா?

— அப்படிப் பாக்காதீங்கண்ணே. டயரைக் கழட்டத் தெரியாம நோண்டிட்டு இருந்தான். நகருடா, நான் பாத்துக்கறேன்னேன். சுர்ருன்னு ஏறிடுச்சு அவனுக்கு. ‘முப்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் எனக்கு மூக்குதான் சிந்திவிடல நீ. என் சைக்கிளை நான் பாத்துக்குவேன். என் டோக்கனை நானே போட்டுக்குவேன், நீ அதைத் தொடாத. ஆளை விடு’ன்னான். அம்மா போனதுல இருந்து அவனுக்காகவே ஓடறேண்ணே நான். அந்த வார்த்தை என்னமோ செஞ்சிடுச்சு. அப்புறம் அஞ்சு நிமிஷத்துல வெக்கமில்லாம கையை நீட்டி, ‘பம்பைக் குடு’ங்கறான். அதையும் நீயே பாத்துக்கோடான்னுட்டு ஏறி மிதிச்சுட்டேன்.

— டோக்கனைத் தொடாதன்னு சொன்னானா?

— சொன்னான்.

— அதுக்கப்புறமும் எடுத்துப் போட்டிருக்க.

— கை தானா போச்சுண்ணே.

— கை தானா போகுமா?

— என்னண்ணே கேக்குறீங்க?

— கேக்க எனக்கே நாக்கு கூசுது. ஆனா நாளைக்கு இதே பெஞ்சுல உன்னை உக்கார வெச்சுக் கேப்பாங்க. பம்பைக் குடுக்கல. டோக்கனை எடுத்துட்ட. டோக்கன் போனா லாரி வரும்னு போர்டுல இவ்வளவு பெருசா எழுதியிருக்கு. வேணும்னே செஞ்சியாம்மா?

— அண்ணே! என் தம்பிண்ணே அவன்!

— தம்பின்னாலே ஒண்ணும் ஆகாதா? உலகத்துல நடக்காததா?

— அவனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த நாள்ல இருந்து மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்தா ரெண்டு எடுப்பேன். பஸ்ல டிக்கெட்டு ரெண்டு. ஆஸ்பத்திரியில காய்ச்சல் எனக்கு மட்டும்தான், சீட்டு ரெண்டு வாங்கிட்டு நின்னிருக்கேன், நர்ஸ் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் எடுக்கத் தெரியாதுண்ணே. நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க.

— சரி, அழாத. என் லட்சணம் மட்டும் என்ன வாழுதாம்? அவங்கவங்க டோக்கனை அவங்கவங்கதான் போடணும். நான் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் டிக் அடிக்கணும். வயர்லெஸ்ஸுக்கு பேட்டரி மாத்திட்டு இருந்தேன். டக்கு டக்குன்னு ரெண்டு சத்தம் கேட்டுச்சு, தலையைத் தூக்காமயே டிக் போட்டேன். பதினோரு வருஷ சர்வீஸ்.

— நான் போறேன். கேட்டைத் திறங்க.

— எங்க போற? ஒன்பது கிலோமீட்டர் ஏத்தம். நீ பாதி ஏறறதுக்குள்ள அவங்க பாறை வளைவைத் தாண்டிடுவாங்க. எதிர்ல நீ வேற போய் நிக்கவா?

— போனாவது பண்ணுங்க!

— உன் போனையும் என் போனையும் வெச்சுக் காத்துதான் வாங்கணும். ஏரிக்கு மேல டவர் கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா? கேட்டுல இருந்து கையை எடும்மா. இன்னிக்கு ஒரு ஆளைத் தொலைச்சது போதும். ஹலோ! லாரி! கேட்டுல இருந்து பேசறேன்! யாராவது பேசுங்கய்யா!

— எத்தனை நிமிஷம் ஆச்சு?

— பதினெட்டு.

— வளைவுக்கு வர எவ்வளவு ஆகும்?

— இருபது. இருபத்திரண்டு.

— தண்ணியில குதிச்சிடுவான்ல? லாரி சத்தம் கேட்டா குதிச்சிடுவான். நீச்சல் நான்தான் கத்துக் குடுத்தேன். நல்லா நீந்துவாண்ணே.

— குதிப்பான், குதிப்பான். கொஞ்சம் பேசாம இரு.

— அது என்ன சத்தம்?

— காத்து.

— காத்து இல்லண்ணே. ஹாரன். விடாம அடிக்கறாங்க.

— ஆமா, ஹாரன்தான். ஏரித் தண்ணி மேல சத்தம் இவ்வளவு தூரம் வரும்.

— நின்னுடுச்சு. ஏண்ணே நின்னுடுச்சு?

— எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நீயும் கேக்குற, நானும் கேக்கறேன்.

— நான் பம்பைக் குடுத்திருக்கணும். ஒரு பம்புண்ணே. இத்தனூண்டு பம்பு.

— கேட்டுக்காரரே! கேட்டுக்காரரே, லாரியில இருந்து பேசறேன், கேக்குதா?

— கேக்குது, கேக்குது! சொல்லுய்யா!

— ரோடு காலின்னீரே, கண்ணை எங்க வெச்சிருந்தீர்? நடு ரோட்டுல குறுக்கால சைக்கிள் கிடக்குது. அடிச்ச பிரேக்குல லாரி கோணிக்கிட்டு நிக்குது. வளைவுக்கு இந்தப் பக்கம் வயர்லெஸ் எடுக்காதுன்னு லோடு மேல ஏறி நின்னு கத்தறேன். கேக்குதா?

— சைக்கிள் என்ன கலருண்ணே?

— யாருய்யா அது, பொம்பளைக் குரல்? நீலம்.

— ஆளு? ஆளு எங்க?

— ஆளா ... அந்த ... இங்க வந்து ...

— ஆள் எங்கேன்னு சொல்லித் தொலையேன்யா!

— இருமய்யா, இன்னும் மேட்டுல ஏறறேன். இப்ப கேக்குதா? ஆளு முழுசா இருக்கான். சிவப்புச் சட்டையைக் கழட்டித் தலைக்கு மேல சுத்திக்கிட்டு வெத்து உடம்போட நின்னான். பாறை வளைவுல நின்னிருந்தா கதையே வேற. இது அதுக்கு மேல, நேர் ரோடு. தூரத்துலயே தெரிஞ்சிடுச்சு, அதனால பொழைச்சான். நானும் பொழைச்சேன்.

— கேட்டியாம்மா? உன் தம்பிக்கு ஒண்ணும் இல்ல. அழு, இப்ப நல்லா அழு. ஏன்யா, நேர் ரோடு வளைவுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் ஏத்தமாச்சே. பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கிட்டு இறங்கி வீடு வந்து சேராம, எவனாவது மேல ஏறுவானா?

— நானும் அதைத்தான் கேட்டேன். லாரி வரும்னு தெரிஞ்சுதான், தூரத்துலயே கண்ணுல படணும்னு ஏறினானாம்.

— அவனுக்கு எப்படிய்யா தெரியும்? அவன் டோக்கன் பலகையில தொங்குது, லாரி நகராதுன்னுதானே நினைச்சிருப்பான்?

— அப்படி நினைக்கலயாம். ‘டோக்கனைத் தொடாதன்னு சொல்லித்தான் அனுப்பினேன், ஆனா எங்கக்கா என்னைக் கொல்ற கோவத்துல போனாலும் எனக்கும் சேர்த்துத்தான் எடுப்பா, அதான் அவ வளைவு திரும்பின உடனே ஏற ஆரம்பிச்சுட்டேன்’னு சொல்றான். கேக்குதா?