பாதி டப்பா மெழுகு

காஸ் வோய்ச்சிக் எனக்கு முப்பத்தேழு டாலர் தரவேண்டியிருந்தது. பெரிய தொகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் சாசேஜும் பீரும் வாங்கிக்கொண்டு, வாசிக்கிறவர்களின் உண்டியலில் கொஞ்சம் போட்டால் அவ்வளவுதான் ஆகும். அதைக் கேட்டு நான் யாரையும் நச்சரித்ததில்லை. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு எழுத நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை நடன அரங்கின் தரை எங்கள் இருவருடைய பொறுப்பு. வார்ப்புப் பட்டறையில் ஒரே உலை முன்னால் நின்றவர்கள் நாங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அரங்கத்துக் கமிட்டி எங்களிடம் தரையை ஒப்படைத்தது. மேப்பிள் மரத் தரை. ஆட்டத்துக்கு முன் அதைப் பெருக்கி, கோழிக்குத் தீனி இறைப்பதுபோல மெழுகுத்தூளை இறைத்துவிட வேண்டும். ஆடுகிற கால்களே அதைத் தேய்த்துப் பரப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கால் தானாகப் போக ஆரம்பிக்கும். ஒரு டப்பா எழுபத்துநான்கு டாலர். பாதி நான், பாதி அவன். அதற்குப் பதிலாக எங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படித்தான் பேச்சு.

அங்கே ஆடுவது போல்கா. உங்களுக்குப் போல்கா என்றால் ஒரே போல்காதான். வெளியே இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான். உள்ளே இரண்டு கட்சி இருக்கிறது. நான் ஸ்லோவேனியக்காரர் வீட்டில் பிறந்தவன். எங்கள் போல்கா வழுக்கிப் போகும். அக்கார்டியன் முன்னால் போகும், நாங்கள் தரையிலிருந்து காலை எடுக்காமல் அதன் பின்னால் போவோம். காஸ் போலந்துக்காரன். அவர்கள் குதிப்பார்கள். டிரம்மில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு குதி. கிளாரினெட் வேறு வால் மிதிபட்ட பூனை மாதிரி கத்தும். குதிக்கிறவனுக்குத் தரை காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மெழுகு ஆகாது. வழுக்குகிறவனுக்கு மெழுகு இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும். ஒரு தரை இரண்டு பேருக்கும் எப்படி ஆகும். அதனால் ஒரு ஞாயிறு எங்களுக்கு, ஒரு ஞாயிறு அவர்களுக்கு என்று பிரித்து வைத்திருந்தோம். ஆனால் எல்லா ஞாயிறும் எல்லாரும் வருவோம். வராமல் இருக்க முடியாது.

அவர்கள் எங்களைத் துடைப்பக்கட்டைகள் என்பார்கள். நாங்கள் அவர்களை வெட்டுக்கிளிகள் என்போம். அவர்கள் குதிக்க ஆரம்பித்தால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பார் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவேன். எத்தனை வருடமானாலும் அந்தக் கண்ணராவியை நான் நின்று பார்த்ததில்லை. இது என் பெருமைகளில் ஒன்று என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்காக எங்களை விரோதிகள் என்று எழுதிவிடாதீர்கள். வேறு ஊர் ஆட்டங்களுக்கு அவன் வண்டியில்தான் போவோம். ஒருமுறை பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இழுவை வண்டி வரும்வரை வானொலியில் போல்கா நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செத்துப்போன ஒரு அக்கார்டியன்காரனின் பழைய வாசிப்பு வந்தது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். பாட்டு முடிந்ததும் அது குதிக்க வாசித்ததா வழுக்க வாசித்ததா என்று பேச்சு வந்தது. இழுவை வண்டிக்காரன் வந்தபோது காஸின் சட்டைக் காலர் என் கையில் இருந்தது. பிரித்துவிட்டவன் அவன்தான்.

என் மனைவி மில்லி இறந்த பிறகு எனக்கு ஆடத் துணை இல்லை. பார் ஓரத்தில் பிராந்தியோடு உட்கார்ந்திருப்பேன். அப்போது காஸின் மனைவி ஜென்னி வந்து எதிரே நின்றாள்.

“எழுந்திருங்க ரூடி. மில்லிக்காக ஒரு சுத்து. நான் குதிச்சுட மாட்டேன், பயப்படாதீங்க” என்றாள்.

அந்த ஒரு சுற்றுக்காகவே தோல் அடி போட்ட செருப்பு ஒரு ஜோடி பையில் எடுத்து வருவாள். எங்கள் ஞாயிறு ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று. போலந்துக்காரிதான், ஆனாலும் தண்ணீரில் படகு போவது மாதிரி வழுக்கினாள். காஸ் பக்கத்து மேசையிலிருந்து, “பாத்துடா, என் பொண்டாட்டிய வச்சுத் தரைய மெழுகிடாத” என்பான். சிரிப்பார்கள். எனக்கு அந்த ஒரு சுற்று போதும். வாரத்தில் மற்ற நாட்களை அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

போன இலையுதிர் காலத்தில் காஸைக் கமிட்டித் தலைவன் ஆக்கினார்கள். முதல் கூட்டத்திலேயே தரையைப் பற்றிப் பேசினான். மெழுகு ஏறின தரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கால் பிடிக்கிற வார்னிஷ் அடிக்கப் போவதாகச் சொன்னான். வருகிற இளவட்டங்கள் எல்லாம் குதிக்கத்தான் வருகிறார்கள், வழுக்குகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கல்லறைக்குப் போகிறார்கள் என்றான். அதில் பொய் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். கை மேல் கை ஏறியது. ஜென்னி கொஞ்சம் தாமதமாகத்தான் தூக்கினாள். என்னைப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. புருஷன் பக்கம் நிற்பதுதானே முறை.

கூட்டம் முடிந்து வாசலில் கோட்டு மாட்டிக்கொள்ளும்போது, புது டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், உன் பங்கு முப்பத்தேழு டாலர் என்று அவனிடம் சொன்னேன். சண்டைக்காகச் சொல்லவில்லை. வாங்கியது வாங்கியதுதானே.

“தெளிக்காத மெழுகுக்கு எதுக்குடா காசு? உன் சோப்புக் கடைய மூடியாச்சு ரூடி. இனி வழுக்கணும்னா ஏரி உறையட்டும், அங்க போய் வழுக்கு” என்றான்.

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜென்னி மட்டும் அவன் கையைப் பிடித்து இழுத்து, ரூடிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் போனாள். கேட்டது எனக்கு.

தரை சுரண்டுகிற ஆட்கள் மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. முந்தின நாள் ஞாயிறு கணக்குப்படி எங்களுடையது. காஸ் அதையும் மாற்றிவிட்டான். எப்படியும் சுரண்டப்போகிற தரைக்கு எதற்கு மெழுகு, கடைசி நாளும் குதித்துவிடலாம் என்று அறிவிப்பு ஒட்டினான். ஜென்னி அன்று செருப்புப் பையே எடுத்து வரவில்லை. நான் கவனித்தேன். எனக்கு இருந்த கடைசிச் சுற்று அது.

பெருக்குகிற வேலை மட்டும் என்னிடம் இருந்தது. இடைவேளையில் எல்லாரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிப் போவார்கள், நான் தரையைப் பெருக்குவேன். பெருக்குகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவனிடம் துடைப்பம் இருக்கிறதா டப்பா இருக்கிறதா என்று கேட்பதும் இல்லை.

மேடையின் ஏரிப்பக்க மூலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் விளிம்பில் இரும்புப் பட்டை அடித்திருக்கிறது. குடித்தவர்கள் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பழைய கம்பளத் துண்டை அதில் சுற்றிக் கட்டி வைப்போம். அன்று கம்பளம் இல்லாததை உங்கள் ஆள் படம் எடுத்திருக்கிறார். துவைக்க எடுத்துப் போனேன் என்று முதலில் சொன்னேன். துவைக்க வேண்டிய அழுக்கு அதில் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் இடைவேளை வரை அது கட்டித்தான் இருந்தது. நான்தான் அவிழ்த்தேன்.

மெழுகை இறைக்கவில்லை. இறைத்தால் வெள்ளையாகத் தெரியும். அந்த மூலைக்கு முன்னால் ஒரு மேசை அளவு இடத்தில் போட்டு, காலில் கம்பளித் துணி கட்டிக்கொண்டு தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. கம்பளித் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மணநாள், பிறந்தநாள் என்று யாருக்காவது பாட்டு கேட்டால், வாசிக்கிறவர் ஒலிபெருக்கியில் பேரைச் சொல்வார். முதல் சுற்று அந்த ஜோடிக்கு மட்டும்தான், மற்றவர்கள் சுவரோரமாக நின்று கை தட்டுவார்கள். இடைவேளை முடிகிற நேரம் வாசிக்கிற குழுவின் தலைவர் லாம்பர்ட்டிடம் போய், காஸும் ஜென்னியும் இந்தத் தரையில் முதன்முதல் ஆடி இன்றோடு நாற்பது வருடம் என்று சொன்னேன். உண்மைதான். அன்று நானும் இருந்தேன். அவர்களை ஒருவருக்கு ஒருவர் அறிமுகம் செய்துவைத்ததே நானும் மில்லியும்தான். வேகமாக வாசியுங்கள், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றேன்.

பேரைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவன் ஞாபகம் வைத்திருக்கிறானே என்று அவளுக்கு. இவள் சொல்லியிருக்கிறாளே என்று அவனுக்கு. அவள் முகம் சிவந்துவிட்டது. கையைக் கோத்துக்கொண்டு நடுவே வந்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வயதில் எத்தனை பேர் பார்க்கிறார்கள். அதைக் கொடுத்தது நான்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் காஸை நினைத்துத்தான் செய்தேன். எங்கள் ஆட்டத்தில் மூலை வந்தால் ஆண்பிள்ளை முதுகு காட்டி முதலில் மூலைக்குள் போவான், பெண்ணைத் தன் பக்கம் இழுத்துத் திருப்புவான். மூலையில் மேடை பக்கம் இருப்பது அவன் முதுகுதான். போல்கா என்றால் அப்படித்தான். அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

அன்று நான் பார் பக்கம் திரும்பவில்லை. முதல் தடவையாக நின்று முழுசாகப் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்கள், சொல்லியே ஆகவேண்டும். இரண்டு கிழங்களுக்கும் தரையில் பாரமே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, மூலையில் அவர்கள் எங்களைப்போலத் திரும்புவதில்லை. ஆண்பிள்ளை உள்பக்கம் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டு, பெண்ணை வெளிப்பக்கமாகச் சுழற்றி விடுகிறான். எதிர்மூலையில் அப்படிச் சுழற்றினான். அடுத்த மூலையில் அப்படிச் சுழற்றினான். மேடை மூலைக்கு வர இன்னும் அரங்கத்தின் ஒரு நீளம் இருந்தது. கத்தினால் கேட்டிருக்கும். எல்லாரும் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கின கால் நிற்கவில்லை. இரும்பில் பட்ட சத்தம் டிரம் அடியோடு சேர்ந்து வந்ததால், கொஞ்ச நேரம் வாசிப்பை யாரும் நிறுத்தவில்லை.

ஆக, மெழுகு தேய்த்தது நான். கம்பளத்தை அவிழ்த்தது நான். அவர்களை அங்கே ஆட வைத்தது நான். காஸ் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். நீங்கள் கேட்டது இதுதான், எழுதிவிட்டேன். ஆனால் ஜென்னியை நான் கொன்றேன் என்று போட்டால் அது சரியாக இருக்காது. அவன் முறையாக வழுக்கி ஆடியிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள். இதை அவனிடம் நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவனிடம் குறை சொல்வது என் வழக்கமில்லை.

அடக்கத்துக்கு இரண்டு கட்சியும் வந்தது. தேவாலயத்தில் அக்கார்டியன் மட்டும் மெதுவாக வாசித்தார்கள், குதிக்கவும் முடியாது வழுக்கவும் முடியாது. பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். அவன்தான் கூப்பிட்டான்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தான். தரை சுரண்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னான். இனி அந்த அரங்கத்தில் அவன் கால் வைக்கப்போவதில்லையாம். சமையலறை மேசையில் உட்கார்ந்து காப்பியைத் தொடாமல் வைத்திருந்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து இரண்டு இருபது டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தான்.

“ரூடிக்குக் குடுக்கவேண்டியதக் குடுத்துடுன்னு சொல்லிட்டே இருந்தாடா. அந்த டப்பாவுக்கு” என்றான். நோட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, “அந்த நாள எப்படி ஞாபகம் வச்சிருந்தா பாரு. லாம்பர்ட்டுகிட்ட அவதான் சொல்லியிருக்கணும். எனக்கே மறந்துபோச்சு” என்றான்.

“அவ அப்படித்தான்” என்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் நீங்கள் லாம்பர்ட்டிடம் விசாரித்துவிட்டு வந்தீர்கள். டப்பா என் வண்டிக் கொட்டகையில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுத்துப்போங்கள். முக்கால்வாசி அப்படியே இருக்கும். எடுக்கும்போது காஸிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவன் கொடுத்தது நாற்பது. மூன்று டாலர் மீதியை அங்கேயே எண்ணி அவன் கையில் கொடுத்துவிட்டேன். அந்த டப்பாவில் பாதி இப்போது அவனுடையது.