கசப்பு குடித்த எலிகளுக்குத் துணி விரித்தவர்

முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முதல் ஆளாய் வந்து எலிக்கூடத்தின் கதவு திறந்தவரே! வாயில்லா உயிர்களுக்கும் வாஞ்சை காட்டியவரே! எங்கள் மருந்தியல் ஆய்வகத்தின் விலங்குக் காப்பாளர், மாண்புமிகு சகாயராணி அம்மையீர்! வணக்கம்.

செம்பட்டியிலிருந்து முதல் பேருந்தேறி வந்து நீங்கள் கழுவிய கூண்டுகளுக்குக் கணக்கில்லை. அந்த எலிமுடியும் கூண்டுகளில் பரப்பும் உமியின் தூசியுமே உங்கள் நெஞ்சில் இளைப்பைக் குடியேற்றின. இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டு வேலை பார்த்தீர்கள். ஒவ்வாமையால் வீங்கும் மூச்சுக்குழாயைச் சிறுமலை ஆடாதோடையின் கசப்பான இலைச்சாறு ஆற்றுமா என்று எலிகளிடம் சோதிக்கத் தொடங்கியபோது, எங்களைவிட ஆவலாய்க் காத்திருந்தவர் நீங்கள்தான்.

முடிவும் வந்தது. சாறு குடித்த எலிகளுக்கு வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. ஆய்வு மாணவி தமிழ்மதி ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தார். இனிப்பு வழங்கிய பேராசிரியர் இனிகோ, மருந்தைத் தவிர மற்றதெல்லாம் எல்லா எலிகளுக்கும் ஒன்றுபோலவே இருந்தது என்று பெருமையாகச் சொன்னார். கையிலிருந்த இனிப்பை நீங்கள் கீழே வைத்தீர்கள்.

"ஒண்ணு போல இல்ல சார். கசப்பு குடிக்கிற பிள்ளைகளாச்சேன்னு, அதுக கூண்டுல மட்டும் உமிய எடுத்துட்டுப் பழைய துணிய விரிச்சேன். உமித்தூசி எனக்கே இளைப்பக் கெளப்பும். மருந்தாலதான்னு எழுதிப்புடாதீங்க."

நீங்கள் வாய் திறந்திராவிட்டால் எவருக்கும் தெரிந்திராது. தமிழ்மதி அழுதார், ஒரு வாரம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் மறைக்காமல் இம்மடலில் எழுதச் சொன்னவர் அவரேதான். ஓராண்டு உழைப்பை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை எல்லாக் கூண்டுகளிலும் ஒரே மூட்டை உமியை, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, நீங்களே பரப்பினீர்கள். வீக்கம் கால்பங்குதான் வடிந்தது. ஆனால் அந்தக் கால்பங்கு மெய்யானது. யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லக்கூடியது. அந்த நிமிர்வு நீங்கள் தந்தது, அம்மையீர்!

நீங்கள் காத்திருந்த மருந்து இன்னும் உருவாகவில்லை. பணி ஓய்வு பெறும் உங்களை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்பதுதான் இன்று எங்கள் பெருந்துயரம். தேடலை நாங்கள் விடமாட்டோம், உமியையும் மறக்கமாட்டோம்.

தூசியில்லாத வீட்டில், பேரப்பிள்ளைகள் சூழ, இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோகுமளவு நலமாக நீங்கள் நெடுங்காலம் மூச்சுவிட வேண்டும்!

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
மருந்தியல் ஆய்வகத்தார்,
திண்டுக்கல்.