கேரவன் கதவுக் கொண்டி

டீயில இஞ்சி போட்டிருக்கீங்களே, செய்கு பாய். இந்த ஊருக்கு வந்ததுலேருந்து பாலில்லாத சுலைமானி டீயில இஞ்சி போட்டுக் குடிச்சது கார்மேகம் கையாலதான். போலீஸ் ஸ்டேஷன்ல கிடைக்கும்னு நினைக்கல. நீங்க கீழக்கரைன்னு பேச்சுலயே தெரியுது. நான் முதுகுளத்தூர்ப் பக்கம். நான் சொல்லச் சொல்ல நீங்க இந்தப் போலீஸ் கேப்டனுக்கு அரபியில சொல்லிடுங்க. அவசரமில்ல, நிதானமாவே சொல்றேன்.

நான் என் முதலாளி, அர்பாப் வீட்டு டிரைவர். கார்மேகம் அதே வீட்டுல சமையல், என் ரூம்காரன், சிவகங்கைப் பக்கத்துப் பையன். அர்பாபுக்குக் கேரவன்னா உசுரு. கட்டில், கிச்சன், ஏசின்னு எல்லாம் உள்ளேயே இருக்கும், சக்கரம் வச்ச வீடு. குளிர்காலம் வந்தா வாராவாரம் அதைப் பிக்கப்புல மாட்டி ராசல்கைமா மலைக்கு இழுத்துட்டுப் போகணும். ஏத்துறதை யாரும் ஏத்திடுவான். இறக்குறதுதான் வித்தை. அம்புட்டுப் பாரமும் பின்னால நின்னு நம்மளத் தள்ளும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடாகிப் பிடிக்காமப் போயிடும். சின்ன கியர்ல அடக்கி அடக்கி இறக்கணும். எனக்கு அது கைவந்துடுச்சு. நான் செஞ்ச தப்பு அதுதான்.

"முனியசாமி மாதிரி இறக்க ஆள் மாஃபி, இல்லவே இல்ல"ன்னு வர்ற விருந்தாளிக்கெல்லாம் என் முதுகுல தட்டிச் சொல்வாரு அர்பாப். நல்ல மனுஷன், ஒரு நாளும் கை நீட்டினதில்ல. ஆனா லீவு கேட்டா, "இன்ஷா அல்லாஹ், குளிர் முடியட்டும்"பாரு. குளிர் முடிஞ்சா வெயிலுக்கு சலாலா மலை. அங்கேயும் கேரவன். திரும்பி வந்தா மறுபடி குளிர். பாஸ்போர்ட் அவர் பீரோவுல. வேலை தெரியாதவனா இருந்திருந்தா என்னை எப்பவோ ஊருக்கு அனுப்பியிருப்பாரு.

என் மக தாமரைக்கு இன்னும் மொட்டை எடுக்கல, காது குத்தல. குலசாமி கோயில்ல அப்பன் நிக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நாள் குறிச்சுத் தள்ளிப்போட்டாச்சு. ஸ்கூலுக்குப் போற புள்ள, பொறந்த முடியைச் சடை போட்டுக்கிட்டுத் திரியுது. "உங்கப்பா போனுக்குள்ளயே இருக்காரா"ன்னு கூடப் படிக்கிறதுங்க கேட்குதாம். அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் நெஞ்சு வெந்துபோச்சு.

கேரவனே இல்லேன்னா நான் இங்க எதுக்கு? அம்புட்டுத்தான் யோசிச்சேன். யார் மேலயும் கோபமில்ல, பாய்.

மலைக்குப் போகையில வரையில கார்மேகம் கேரவனுக்குள்ளதான் படுப்பான். ஓடுற வண்டிக்குள்ள ஆள் இருக்கக்கூடாதுன்னு அவனுக்கும் தெரியும். எங்க கேட்கிறான். "அர்பாப் மெத்தையில நான் தூங்குறது இப்ப மட்டுந்தான் மாப்ளே, கொண்டியப் போடு"ம்பான். வளைவுல கதவு தானா தொறந்துக்கும். அதனால வெளியில கொண்டி போட்டுத்தான் வண்டிய எடுக்கணும், நிறுத்தினதும் முதல் வேலையா அதை எடுத்துவிடணும். ஒரு நாளும் நான் மறந்ததில்ல.

அன்னிக்கு அர்பாப் குடும்பம் முன்னாடியே கார்ல இறங்கிடுச்சு. நாங்க பின்னால. பாதி மலையில, பிரேக் சூடு ஆறட்டும்னு ஓரமா நிறுத்தினேன். கொண்டிய எடுத்துவிட்டேன். கார்மேகம் இறங்கி, வழக்கம்போல கேரவன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். அது அவன் வேலை. பிளாஸ்க்குலேருந்து எனக்கு டீ ஊத்தினான். "உம் மக காதுகுத்துக்கு நாந்தான் கெடா வெட்டிச் சமைப்பேன், அடுப்புக்கிட்ட வேற எவனையும் விட்டுடாத"ன்னான். சரிடான்னேன். திரும்ப ஏறிப் படுத்துட்டான். கொஞ்ச நேரத்துல குறட்டை கேட்டுச்சு.

வெறும் கேரவன் போனா இன்னொண்ணு வாங்கி, அதையும் என்னையே இழுக்கச் சொல்வாரு. உள்ள ஆளும் போனா, அர்பாப் அப்புறம் மலைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க, சரிதானே.

கொக்கியக் கழட்டினேன், சங்கிலியக் கழட்டினேன். கேரவன் பிரிஞ்சா தானா பிரேக் பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி இருக்கு, அதையும் இழுபடாம எடுத்துச் சுருட்டி வச்சேன். பிக்கப்பை முன்னால கொண்டுபோய் ஒதுக்கி நிறுத்தினேன். கீழே வண்டி எதுவும் வரலையேன்னு பார்த்துக்கிட்டேன். சம்பந்தமில்லாத யாருக்கும் அடிபடக்கூடாதில்ல. அப்புறம் கட்டையை எடுத்தேன். நான் தள்ளல, பாய். சரிவுதான் இழுத்துக்கிச்சு. முதல்ல ஆள் நடக்குற வேகந்தான். ஜன்னல்ல அவன் முகம் தெரிஞ்சுது. "மாப்ளே, வண்டி நகருதுடா, ஓரமாப் போ"ன்னு கத்துனான். என்னை ஒதுங்கச் சொல்றான், பாருங்க. அப்புறம் கதவைப் போட்டு ஆட்டினான். அப்புறம் வளைவுல தடுப்பை இடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு.

முதல்ல விசாரிச்சப்ப, கொக்கி தானா விட்டுப்போச்சு, கார்மேகம் கட்டையைச் சரியா வைக்கலன்னு சொன்னேன். அது பொய். வேலையில அவன் சுத்தம். பாவம், செத்தவன் மேல பழி எதுக்கு. அதை மட்டும் மாத்தி எழுதிக்கச் சொல்லுங்க.

சேதி கேட்டுத் திரும்பி மேல வந்த அர்பாப் அங்கேயே உட்கார்ந்து அழுதாரு. இனிமே கேரவனே வேண்டாம், கலாஸ், முடிஞ்சுதுன்னாரு. அதைக் கேட்டப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. வீட்டுக்கு ஒரு போன் போட விடுவாங்களா, பாய்? தையில நாள் பார்க்கச் சொல்லணும்.

கேப்டன் என்ன கேட்கிறாரு? நின்னுக்கிட்டிருந்த வண்டியில வெளிக் கொண்டி எப்படிப் போட்டிருந்துச்சுன்னா?

நான்தான் போட்டேன், கட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி. வண்டி ஓடுறப்ப கதவு தொறந்துக்கிட்டா உள்ள இருக்கிறவன் விழுந்துட மாட்டானா?