குளிரறைக் கதவும் நிபந்தனை என்ற சொல்லும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, சங்கத்தைத் தோளில் சுமக்கும் பெரியோர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாளைக் காலை நாம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதனால்தான் 'நிபந்தனை' என்ற சொல்லைப் பற்றிப் பேச வந்தேன். வடமொழி வழி வந்த சொல் இது. பந்தம் என்றால் கட்டு. நிபந்தனை என்றால் இறுகக் கட்டுவது. எங்கிருந்து வந்தால் நமக்கென்ன என்கிறீர்களா, ஐயா? வந்த வழி தெரிந்தால்தான் போகிற வழி புரியும். அது எதைக் கட்டுகிறது? கையையா, காலையா, நம் வாயையா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம் மீன் பதப்படுத்தும் ஆலையில், உறைகுளிர் அறையில் பெட்டி அடுக்கினோம், நானும் என் அண்ணியும். சரக்கு திருடு போகிறதென்று உட்புறக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். மேலாளர் உத்தரவின்றிக் கதவைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாங்களும் கையெழுத்திட்டோம், ஆலைக் காவலரும் கையெழுத்திட்டார்.

ஒரு நண்பகல், நாங்கள் உள்ளே இருப்பதறியாமல் யாரோ பூட்டிவிட்டார்கள். முதலில் சிரித்தோம். பிறகு தட்டினோம். பிறகு இடித்தோம். இமையில் பனி படிந்தது. இரும்பில் ஒட்டிய விரலைப் பிய்த்து எடுத்தேன். கடைசியில் காவலருக்குக் கேட்டது.

"அண்ணே, உள்ள மாட்டிக்கிட்டோம். திறங்க."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்மா. சாப்பிடப் போயிருக்காரு, போன் எடுக்கல."

"பூட்டை உடைங்கண்ணே."

"உடைச்சா வேலை போயிடும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னை நம்பி வீட்ல நாலு வயிறு இருக்கு."

பாவி என்கிறீர்களா, அம்மா? வேண்டாம். எங்களைக் குளிர் நடுக்கியது. அவரை அச்சம் நடுக்கியது. கதவின் இருபுறமும் நடுக்கம்தான்.

அண்ணி தரையில் உட்கார்ந்தார். "தூக்கமா வருது" என்றார்.

"தூங்காதீங்க அண்ணி. ஏதாவது பேசுங்க."

உலுக்கினேன். தலை சாய்ந்தது.

வெளியே அவர் கேட்டார்: "இன்னொருத்தங்க சத்தத்தையே காணோமே?"

"பேச்சு நின்னுடுச்சுண்ணே."

அதன்பின் அவர் குரலும் நின்றது. ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். அந்த அச்சத்தை எந்தச் சொல்லால் சொல்வேன்? அப்போது இரும்பின் மேல் இரும்பு விழுந்தது. மீண்டும் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. கதவு திறந்தது. தீயணைப்புக் கோடாரியோடு அந்த மனிதர் அழுதபடி நின்றார்.

அண்ணி பிழைத்தார், இடக்கை விரல் நுனிகள் போயின. காவலருக்கு அன்று மாலையே வேலை போயிற்று. இன்று காய்கறி வண்டி தள்ளுகிறார்.

அவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஊரா, உறவா? சம்பந்தம் என்பதும் அதே வேரில் பிறந்த சொல்தான் தோழர்களே. நிபந்தனை இறுகக் கட்டுவது. சம்பந்தம் சேர்த்துக் கட்டுவது. அந்த நண்பகலில் அவர் சேர்த்துக் கட்டும் கட்டுக்குக் கட்டுப்பட்டார்.

நாளைய ஒப்பந்தத்தைப் படித்தேன். அதே நிபந்தனை அப்படியே இருக்கிறது. எனக்கு அச்சமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா? வேலை போகுமோ என்ற அச்சம், அடுப்பு அணையுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தோடேயே சொல்வோம்: அந்த வரியை அடியுங்கள், பிறகு பேனாவைத் தாருங்கள். ஒருத்தி சொன்னால் வெளியே அனுப்புவார்கள். அத்தனை பேரும் சொன்னால் யாரை அனுப்புவார்கள்?

கைதட்ட வேண்டாம். நாளை என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். செவி தந்த உங்களுக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.