இரண்டு குழாய்களும் தெளிந்தன

என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று டாக்டரம்மா சொல்வார்கள். அதனால்தான் சித்தூரில் அவர்களுடைய சோதனைச்சாலையில் தண்ணீர்ப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் முடிவைப் பதிவதும் பதினொரு வருஷமாக என் வேலை.

வேலை எளிது, ஐயா. காலராக் கிருமி வளர்ந்து கலங்கிய குழாயில், கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிச் சில துளிகள் விடுவோம். அந்தக் கிருமியைத் தின்னும் வைரஸ் தண்ணீரில் இருந்தால், மறுநாள் குழாய் தெளிந்திருக்கும். அப்படிப்பட்ட கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடமாட்டோம். அந்தத் தண்ணீரே மருந்து என்பது டாக்டரம்மாவின் நம்பிக்கை. தெளியாவிட்டால் அன்றைக்கே பவுடர் போகும்.

திருப்பதிக்குப் போய்வந்தவர்களோடு நோய் எங்கள் ஊருக்கு வந்தது. கங்காதர நெல்லூருக்குப் பக்கம். ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு புட்டி, எங்கள் கிறிஸ்தவத் தெருக் கிணற்றிலிருந்து ஒன்று. எங்களுடையது தெளிந்தது. ஊருடையது கலங்கியே நின்றது.

முடிவைப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால் ஓர் உபகாரம் செய்ய நினைத்தேன். எங்கள் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மணியக்காரர் பச்சையப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உங்க கெணத்துத் தண்ணியில எங்க ஊட்டு எருமையக்கூடக் கழுவ மாட்டோம்டா" என்றார். "தீர்த்தம் குடுக்க வந்துக்கிறாரு, சாமியாரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குடத்தைக் காலால் தள்ளிவிட்டார்.

வழியிலேயே அவரை மன்னித்துவிட்டேன். பிறகு சோதனைச்சாலைக்குப் போய், இரண்டு குழாய்களும் தெளிந்தன என்று எழுதினேன். பவுடர் வரவில்லை. பயப்படாமல் குடிக்கலாம் என்று ஊரில் தமுக்கு அடித்தார்கள்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். அவர்களில் ஒருவராவது எங்கள் கிணற்றுக்கு வந்து வாய்திறந்து கேட்கவேண்டும், நான் என் கையால் ஊற்றவேண்டும். இவ்வளவுதான் ஆசை. ஒரு வாய்த் தண்ணீரில் எத்தனையோ பகை கரைந்துவிடும்.

ஒன்பது நாளில் பதினேழு பேர் செத்தார்கள்; எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவர் பெயரையும் விசாரித்து முழங்காலில் நின்று ஜெபித்தேன். பச்சையப்பனுக்கும் ஜெபித்தேன்; ஆறாம் நாள் போனார்.

அதற்கு மறுநாள் அவர் மனைவி கங்கம்மாள் பித்தளைச் செம்போடு எங்கள் கிணற்றுக்கே வந்துவிட்டாள். வீட்டில் நோயில் கிடந்த மகள் இந்திராணிக்கு ஐந்து வயது.

"ஊத்துடா" என்றாள். "கொயந்தைக்கு நாக்கு வறண்டுக்கினு போவுது."

வாளி நிறைய இறைத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"யாரைம்மா கேக்கறே?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் அதே மாதிரி கேட்டாள். அண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அதற்காகத்தான் நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செம்பை அங்கேயே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். பதினேழில் அந்தக் குழந்தையும் ஒன்று.

தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவே இல்லை, ஐயா. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.