பதினெட்டு மாதத்தில் டிவிடெண்ட்

ஆண்டுக் கூட்டத்துக்கு இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல் வாங்குகிற வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை, சார்ஜென்ட். கம்பெனித் தலைவனே பேக்கரி வாசலில் போய் நிற்பதா என்று என் செக்ரட்டரி கிண்டல் செய்வாள். எங்கள் பங்குதாரர்களில் பாதிப் பேர் அதைத் தின்னத்தான் பஸ் ஏறி வருகிறார்கள். மீதிப் பேர் லாபத்தில் பங்கு, அந்த டிவிடெண்ட், எப்போது என்று கேட்க வருகிறார்கள். தின்ன வருகிறவர்களை நான் மதிக்கிறேன்.

உங்களிடம் எங்கள் பங்கு இருக்கிறதா? இல்லையா, நல்லது. எங்களைப் போல நிக்கல் தேடுகிற கம்பெனிக்கு வருமானமே கிடையாது. பங்கு விற்ற காசில் பாலைவனத்தில் துளை போடுவோம். ஒன்றும் அகப்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் பங்கு விற்று இன்னொரு துளை. பத்தொன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை அச்சடித்துத் தருகிறோம். ஒருவரும் படிப்பதில்லை. உழாத வயலின் ஓரத்தில் சாக்கோடு வந்து நிற்கிறார்கள்.

மாவிஸ் குவினெல் என்று ஒருத்தி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வருஷா வருஷம் முன்வரிசைதான். போன நவம்பரில் வாயில் ரோலை அடக்கிக்கொண்டே எழுந்தாள்.

"ஏம்ப்பா நெவில், நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்த டிவிடெண்ட காட்டுவியா, இல்ல மண்ணுக்குள்ள போனப்புறம் நானே தோண்டி எடுத்துக்கணுமா?"

கூடமே சிரித்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"பதினெட்டு மாசத்துல, மாவிஸ்" என்றேன். வாயில் வந்த எண் அது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நிக்கல் கிடைத்ததா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் பங்கு விலை இரண்டு மடங்கானது. புதிய பங்கு வெளியீடு ஒன்றை அறிவித்தேன். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த ஜனங்களை ஏமாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சுலபம்.

இடைஞ்சல் செய்தவன் ரோரி ட்ரெலோர் ஒருவன்தான். எங்கள் நிலவியலாளன். பாலைவனத்தில், லேவர்ட்டன் ஊருக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டரில் தனியாக முகாம் போட்டு, துளையிலிருந்து எடுத்த கல்லைச் சோதித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி விட்டுப்போனவன், தேட ஆளில்லை. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"நெவில், பதினோரு துளையும் வெறுங்கல்லுய்யா. நிக்கலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"இன்னும் பத்து நாள் பொறுத்துச் சொல்லலாமே."

"ஏன், அதுக்குள்ள மொளைக்குமா? அந்த மாவிஸ் வீட்ட அடமானம் வெச்சுப் புதுப் பங்கு வாங்கப் போறாளாம். எனக்கே போன் போட்டுச் சந்தோஷமா சொல்றா. வெள்ளிக்கிழம பெர்த்துக்கு வர்றேன். பங்குச் சந்தைக்கு நீ சொல்லலன்னா நான் சொல்லிருவேன். கோவிச்சுக்காதப்பா."

கோபம் வரவில்லை. சலிப்புத்தான் வந்தது. பங்கு வெளியீடு முடிவது அதற்கும் அடுத்த வியாழன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக வெளியில் இருப்பவன் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டு, நலமாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒரு அழைப்பு தவறினால் காத்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு தவறினால் போலீசுக்கு, அதாவது உங்களுக்கு, சொல்லி விமானம் அனுப்பவேண்டும். செக்ரட்டரி விடுப்பில் போயிருந்ததால் அழைப்புப் பதிவேடு என் மேஜையில் இருந்தது.

புதன் மாலை அழைப்பு வரவில்லை. வியாழன் காலையும் வரவில்லை. ‘பேசினார், நலம்’ என்று இரண்டு வேளைக்கும் எழுதினேன். அடுத்த வியாழன் வரை ஒரு வேளை விடாமல் எழுதினேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். நீங்கள் நிபுணரைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். வெளியீடு முடிந்த மறுநாள் உங்களுக்குத் தகவல் சொன்னேன்.

ரோரியின் பிணம் கிடைத்த செய்தி வந்ததும் முதலில் கூப்பிட்டவள் மாவிஸ். "ஐயோ பாவம், ரோரி தங்கமான மனுஷன்ப்பா" என்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "இதனால டிவிடெண்ட் தள்ளிப்போகுமா நெவில்?" என்றாள். தள்ளிப்போகாது என்றேன். இவளுக்காகத்தான் அவன் பெர்த்துக்குக் கிளம்பினான் என்பதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று ஒன்று கேட்டீர்கள். அச்சு முறிந்த வண்டிக்குப் பதினான்கு கிலோமீட்டரில் மாட்டுப்பண்ணைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ரோரிக்கு அது தெரியும், பிறகு ஏன் வண்டி நிழலிலேயே படுத்துச் செத்தான் என்று. போன் கம்பெனியிலிருந்து அழைப்புப் பட்டியல் நாளை வந்துவிடும் என்கிறீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டான்.

"நெவில், போன் செத்துக் கெடந்துச்சு. வண்டி பேட்டரியக் கழட்டி இப்பத்தான் ஒட்டுப்போட்டேன், எப்ப வேணா போயிரும். அச்சு முறிஞ்சு ரெண்டு நாளாச்சு. தண்ணி இன்னிக்கு மட்டும் வரும். வெயில் ஏறுறதுக்குள்ள தொட்டிக்கு நடந்துரட்டுமா?"

"நகராத. விமானம் கெளம்பிருச்சு" என்றேன்.

"அப்பாடா" என்றான். அதோடு இணைப்பு போயிற்று.

வண்டியை விட்டு நகரக்கூடாது என்பது எங்கள் பாதுகாப்புக் கையேட்டின் முதல் விதி, சார்ஜென்ட். விமானத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய். ஆட்களை நம்பிக்கை இழக்காமல் வைத்திருப்பதுதானே பத்தொன்பது வருஷமாக என் வேலை.