கேட்டதும் கொடுத்ததும்

மேசைமேல் துண்டுக் காகிதம் கிடந்தால் எனக்கு வேலை ஓடாது. என் அறையைச் சோதனை போட்டபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு கணினி, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் இழுப்பறைகளைத் திறந்தபடியே விட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். போகட்டும். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். இதில் நான் காட்டிக்கொடுக்க வேண்டிய ஆள் வேறு யாரும் இல்லை. மேலாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவருக்குப் பலகையில் எண் எழுதுவதைத் தவிர ஒன்றும் தெரியாது.

மருந்துக் கிடங்கில் எனக்கு ஆறு வருட வேலை. நாற்பத்து மூன்று சிறிய மருத்துவமனைகளுக்கு எங்களிடமிருந்து மாதம் ஒருமுறை லாரி போகும். எந்த ஊருக்கு எந்த மருந்து எத்தனை என்று முடிவு செய்வது ஒரு முன்கணிப்பு மென்பொருள். கிடங்கில் அதற்கு ஜோசியர் என்று பெயர். ஜோசியர் தானாக எதையும் பார்க்கமாட்டார். மாதம் பிறந்ததும் நான் டேட்டாபேஸில் குவெரி என்கிற ஒரு வரிக் கட்டளையை ஓட்டி, போன மாதங்களின் எண்களை எடுத்து, கோப்பாக்கி, அவருக்குள் ஏற்றவேண்டும். அவர் அடுத்த மாதத்துக்கு ஓர் எண் சொல்வார். அந்த எண்தான் லாரியில் ஏறும்.

டேட்டாபேஸில் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பத்திகள். மருத்துவமனை எங்களிடம் கேட்டது ஒன்று, நோயாளிகளுக்குக் கையில் கொடுத்தது இன்னொன்று. என் குவெரி கொடுத்ததைத்தான் எடுக்கும். பத்து வேண்டும் என்பவர் பதினைந்து என்று எழுதுவார், இருக்கட்டுமே என்று. கேட்பதில் பாதி ஆசை. கொடுத்தது நடந்து முடிந்த விஷயம், அதில் யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பீர்கள்.

மேலாளர் அறைக்கு வெளியே வெள்ளைப் பலகை தொங்குகிறது. ஜோசியர் சொன்னதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மாதாமாதம் அதில் சதவீதம் எழுதுவார்கள். எனக்கு முன்பு இருந்தவர் காலத்தில் பத்தொன்பது. அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அதை ஆறுக்குக் கொண்டுவந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் தங்கைதான் கெட்டி. நான் இரண்டு தடவை எழுதித் தேறாத பரீட்சையை அவள் காய்ச்சலோடு போய் எழுதித் தேறியவள். அந்த ஆறு மட்டும் என்னுடையது.

தங்கை மருந்தாளுநர். நாற்பத்து மூன்றில் கடைசி மருத்துவமனை அவளுடையது, மலைமேல், பேருந்தில் ஆறு மணி நேரம். அங்கே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் அவளே. மாதம் இருபத்தாறு குப்பி போதும். அந்த மலையில் வேறு எங்கும் அந்த மருந்து கிடையாது.

போன மழையில் பாதை இடிந்து விழுந்தது. இரண்டு மாதம் லாரி மேலே போகவில்லை. பக்கத்து மலையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சொச்சத்தைப் பங்கு போட்டு ஒப்பேற்றினாளாம். அது கணக்கில் வராத மருந்து. ஆகவே என் குவெரி இரண்டு மாதத்துக்கும் சுழியம் என்று எடுத்து வந்தது. நான் ஏற்றினேன். அந்த மலையில் தேவை குறைந்துவிட்டது என்று ஜோசியர் புரிந்துகொண்டார். பாதை சரியானதும் ஒன்பது என்றார். ஒன்பது போனது. இருந்தது ஒன்பது, ஆகவே அவள் கொடுத்ததும் ஒன்பது. அதை ஏற்றினேன். அடுத்த மாதம் ஏழு என்றார். ஏழு போனது, ஏழும் கொடுக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மற்ற ஊர்களில் ஜோசியர் கொஞ்சம் முன்னே பின்னே சொல்வார். அந்த மலையில் மட்டும் இன்சுலினில் அவர் சொன்னது அப்படியே பலித்தது. பலகையில் ஆறு ஐந்தானது. மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

தங்கை அடிக்கடி போன் செய்தாள். அந்தப் பதினொரு பேரில் தையல்காரர் இறந்துவிட்டார் என்றாள். பிறகு லாரி ஓட்டுநரின் மனைவி. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நான் எதையும் முடிவு செய்வதில்லை, எண்ணை ஏற்றுகிறவன் மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கினேன். அவளுக்குப் பொறுமை கிடையாது, சின்ன வயதிலிருந்தே.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நேரில் வந்துவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே அவள் அனுப்பிய கேட்புச் சீட்டுகளின் நகல்கள். எல்லாவற்றிலும் இருபத்தாறு. ஒரு சீட்டில்கூடக் கூட்டி எழுதவில்லை. அவற்றை என் மேசைமேல் பரப்பினாள். சொன்னேனே, துண்டுக் காகிதம் எனக்கு ஆகாது. ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன்.

"அண்ணா, கேட்டதுன்னு ஒரு பத்தி இருக்குல்ல. அதை எடுத்து ஏத்து. ஒரு சொல்லைத்தான மாத்தணும்?"

பார்க்கிறேன் என்றேன். என் முதுகுக்குப் பின்னால்தான் குளிர்பதன அறை. அதற்குள் இருந்த இன்சுலின் அவளுடைய மலைக்குப் பத்து வருடம் வரும். அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையோடு ஒரு பெட்டி தரமுடியுமா என்று கேட்டாள்.

"லிஸ்ட்ல இல்லாதது வெளிய போகாதும்மா. உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"உனக்கு மருந்து இருக்குல்ல?"

"எனக்கு இருக்கு. அவங்களுக்குத்தான் இல்ல."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள். சீட்டுகளை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

என் கணினியின் பதிவில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் அந்தப் பதினொரு நிமிடம் அதற்குப் பிறகு வருவது. அவள் சொன்னது சரி, ஒரு சொல்தான். குவெரியில் கொடுத்ததை அழித்துக் கேட்டது என்று போட்டேன். ஓட்டினேன், ஏற்றினேன். ஜோசியர் அந்த மலைக்கு இருபத்தாறு என்று சொன்னார். உடனே, ஒரு நொடி யோசிக்காமல். கூடவே மொத்தப் பிழை பதினேழு என்றும் காட்டினார். மற்ற நாற்பத்திரண்டு ஊர்க்காரர்களும் ஆசைப்பட்டு எழுதியதெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. அந்த ஓர் ஊருக்கு மட்டும் கையால் எண்ணை மாற்றலாம், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. மாற்றினால் இத்தனை மாதம் சரி என்று பலகையில் எழுதியது எல்லாம் தவறென்று ஆகும். வெள்ளைப் பலகையில் பதினேழு என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்தான். பெட்டி கட்டும் பிரிவில் எனக்கு முன்பு இருந்தவர் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் நினைத்தேன். பிறகு பழைய சொல்லையே போட்டு, ஓட்டி, ஏற்றினேன். மலைக்கு நான்கு.

அந்த மாதக் கடைசியில் காலாவதியான முந்நூறு குப்பி இன்சுலினை அழித்தோம். அழிப்புப் படிவத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. விதிப்படிதான் செய்தோம்.

நான்கையும் அவள் மற்றவர்களுக்கே கொடுத்திருக்கிறாள். யார் யாருக்கு என்று தேதி போட்டு எழுதிவைத்திருந்தாள், கையெழுத்து அழகாகவே இருந்தது. அவள் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. இறந்தது அவளோடு சேர்த்து ஐந்து பேர். மீதி ஏழு பேர் உடம்பு தாங்கியவரை மலையிறங்கி எங்கெங்கோ போய்விட்டார்கள்.

தனக்கு மருந்து இருக்கிறது என்று தங்கை பொய் சொன்னது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரியாது என்று முதலில் சொன்னேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன். என் எதிரே உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் அவள் என் பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். எழுந்து போய் நிரப்பி வந்து மறுபடி குடித்தாள். இடையில் இரண்டு முறை கழிப்பறை போனாள். எங்கள் அப்பா இதே வியாதியில்தான் போனார். கடைசி வாரங்களில் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தத் தாகம் எனக்குத் தெரியாதா? அவள் எழுந்துபோன பிறகு பாட்டிலைக் கழுவி மேசைமேல் வைத்தேன், பதினொரு நிமிடம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

நான் அவளைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதில் கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவள் கேட்டதை நான் செய்யவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. நீங்கள் வருவதற்கு முந்தின நாள் அந்த ஒரு சொல்லை மாற்றினேன், கேட்டது என்ற பத்தியை எடுத்து ஏற்றினேன். கேட்க அங்கே ஆள் இல்லை. இரண்டு பத்தியிலும் இப்போது சுழியம்தான். எதை ஏற்றினாலும் அந்த மலைக்கு ஜோசியர் ஒரே பதில்தான் சொல்கிறார், அது சரியாகவும் இருக்கிறது.